நானோ துகளும் அதன் மேலாடையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவிலுள்ள நானோ துகள்களின் மேற்பரப்பில், குறிப்பிட்ட வேலையைச் செய்யும் அணுக்கூட்டங்களான வினைச்செயல் தொகுதிகளைப் பிணைப்பது குறித்து மாணவர்களும் ஆசிரியர்களும் பொது வாசகர்களும் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால், இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: இளங்கலை வேதியியல் படிக்கிறேன். நானோ துகளின் சிறப்பு அதன் சிறிய அளவுதான் என்று படித்தோம். அப்படியென்றால் அதன் மேல் வேறு மூலக்கூறுகளை ஏன் பிணைக்க வேண்டும்? வெறும் துகளாகவே பயன்படுத்த முடியாதா?

வெறும் துகள் என்ற ஒன்று குடுவைக்குள் நிலைத்திருப்பதே அரிது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே பொருளைப் பக்கம் 10 நானோமீட்டர் உள்ள சின்னஞ்சிறு கனசதுரங்களாக வெட்டிவிட்டால், எடை மாறாமலேயே மேற்பரப்பு 600 சதுர மீட்டராகிவிடுகிறது. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு உள்ளே இருக்கும் அணுவைப் போல எல்லாப் பக்கமும் துணை கிடையாது. அதனால் அதன் ஆற்றல் உயர்ந்திருக்கிறது, எதையாவது பற்றிக்கொள்ள அது எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. அருகில் வேறொன்றும் இல்லாவிட்டால் பக்கத்துத் துகளையே பற்றிக்கொள்ளும். துகள்கள் இப்படித் திரண்டுவிட்டால், அளவு சிறியது என்பதால் கிடைத்த பண்புகள் எல்லாம் போய்விடும்.

ஆகவே, குடுவையில் தெளிவாக நிற்கும் எந்த நானோ துகளுக்கும் ஏதோ ஒரு மேலாடை ஏற்கெனவே இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அது தயாரிப்பின்போது சேர்த்த சிட்ரேட் அயனியாக இருக்கலாம், ஒலியிக் அமிலமாக இருக்கலாம். இந்த முதல் மேலாடையின் வேலை துகள்களை விலக்கி நிறுத்துவது மட்டுமே. நமக்கு வேண்டிய வேலையைச் செய்யும் மூலக்கூறுகளைத் திட்டமிட்டு அதன் இடத்திலோ அதன் மேலோ அமர்த்துவதைத்தான் வினைச்செயல் தொகுதி பிணைத்தல் என்கிறோம்.

அப்படிப் பிணைக்கும் ஈனி மூலக்கூறை மூன்று பகுதிகளாகப் பார்ப்பது எளிது. துகளைப் பற்றும் தலைப்பகுதி, நடுவே ஒரு சங்கிலி, வெளிப்புறம் நோக்கி நிற்கும் முனைத் தொகுதி. தலைப்பகுதி துகளின் வேதித்தன்மைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தங்கத்துக்குக் கந்தகம் கொண்ட தயோல் பொருந்தும். இரும்பு ஆக்சைடுக்குக் கார்பாக்சிலேட், பாஸ்போனேட், கேட்டகால் ஆகியவை பொருந்தும். சிலிக்காவுக்குச் சிலேன் வகைச் சேர்மங்கள். சிலிக்காவின் மேல் தயோலை ஊற்றினால் ஒன்றும் நிகழாது. அதே தயோல் முனை கொண்ட சிலேனை ஊற்றினால் சிலேன் பக்கம் சிலிக்காவைப் பற்றும், தயோல் வெளியே நிற்கும். இந்தத் தேர்வை மாணவர்கள் மனப்பாடம் செய்வதைவிட, எந்த அணு எதன் மேல் நாட்டம் கொள்ளும் என்ற கோணத்தில் யோசித்தால் மறக்காது.

எண்ணிக்கையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 20 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் அணுக்கள் இருக்கும். அதன் மேற்பரப்பு சுமார் 1250 சதுர நானோமீட்டர். ஒரு சதுர நானோமீட்டருக்கு நான்கைந்து தயோல் மூலக்கூறுகள் நெருக்கமாக அமர முடியும் என்பதால், முழுதும் போர்த்த ஆறாயிரம் மூலக்கூறுகள் வரை போதும். மொத்த எடையில் மிகச் சிறிய பங்கே கொண்ட அந்த ஆறாயிரம்தான், துகள் நீரில் கரையுமா எண்ணெயில் கரையுமா, எந்தப் புரதத்தைப் பற்றும், எதனிடமிருந்து விலகும் என்பதையெல்லாம் தீர்மானிக்கின்றன.

கேள்வி: இவற்றை எப்படித் தயாரிக்கிறார்கள்? மிகச் சிக்கலான கருவிகள் இல்லாமல் கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய முறை உண்டா?

உண்டு. தங்கத் துகளுக்கான சிட்ரேட் முறையைத்தான் நான் எப்போதும் முதலில் பரிந்துரைப்பேன். 1951ஆம் ஆண்டு டர்கெவிச்சும் அவருடைய குழுவினரும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட முறை இது. தங்கம் கொண்ட குளோரோ ஆரிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைக் கொதிக்கவைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சளாக இருந்த கரைசல் முதலில் நிறமற்றுப் போகும். ஏதோ தவறிவிட்டது என்று தோன்றும் அந்த நேரத்தில் பொறுமையாக இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் சாம்பல் கலந்த கருநீலம் தோன்றும், அது ஊதாவாகும், பிறகு கண்ணெதிரே தெளிந்த மாதுளைச் சிவப்பாக மாறி நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். எத்தனை முறை செய்தாலும் அந்தச் சிவப்பு திரண்டு வரும் கணத்தில் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

இங்கே சிட்ரேட் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தங்க அயனியை ஒடுக்கி உலோகமாக்குகிறது, உருவான துகளின் மேல் படிந்து எதிர்மின்னேற்றம் தந்து துகள்களை ஒன்றையொன்று விலக்கவும் வைக்கிறது. சிட்ரேட்டின் அளவைக் குறைத்தால் துகள் பெரிதாகும் என்பதை 1973இல் ஃபிரென்ஸ் காட்டினார். அவர் வழியில் ஏறத்தாழ 15 முதல் 150 நானோமீட்டர் வரை அளவை மாற்றலாம். ஒரு எச்சரிக்கை: கண்ணாடிக் குடுவையை இராஜ திராவகத்தால் (அடர் நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை) கழுவி, தூய நீரில் பலமுறை அலசிய பின்னரே தொடங்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் பழைய உலோகத் துணுக்குகள் புதிய துகள்களுக்கு விதையாகி அளவைக் கெடுத்துவிடும். இராஜ திராவகத்தைப் புகைபோக்கி அறைக்குள், ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே கையாளுங்கள். மூடிய கலனில் அதைச் சேர்த்து வைக்கக் கூடாது, வாயு சேர்ந்து கலன் வெடிக்கும்.

தயாரிக்கும்போதே மேலாடையையும் போர்த்திவிடும் வழியும் இருக்கிறது. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் புரஸ்ட், ஷிஃப்ரின் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட இரு நிலைமை முறையில் (ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களில் நடப்பது), தங்க அயனியை நீரிலிருந்து டொலுவீன் என்ற கரிமக் கரைப்பானுக்குள் கடத்தி, டோடெக்கேன் தயோல் இருக்கும்போதே சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்குகிறார்கள். உருவாகும்போதே தயோல் சூழ்ந்துகொள்வதால் துகள் 1 முதல் 3 நானோமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. அந்தத் துகள்களை உலர்த்திப் பொடியாக எடுத்து, வேண்டும்போது மீண்டும் கரிமக் கரைப்பானில் கரைக்கலாம். சாதாரண சேர்மத்தைப் போல எடைபோட்டுப் பயன்படுத்தக் கூடிய தங்கத் துகள் அதுவரை இல்லாத வசதி, இந்தத் துறை அதன் பிறகு வேகம் பிடித்ததில் வியப்பில்லை.

காந்தத் துகள் வேண்டுமென்றால் இணைவீழ்படிவு முறை இருக்கிறது. இரும்பின் இரண்டு, மூன்று இணைதிற அயனிகளை 1:2 என்ற விகிதத்தில் எடுத்து, ஆக்சிஜன் புகாமல் காரம் சேர்த்தால் மேக்னடைட் கறுப்பாக வீழ்படியும். குடுவையின் அடியில் காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுவதும் அங்கே குவிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். சிலிக்காவுக்கு 1968இல் ஸ்டோபரும் உடனாய்வாளர்களும் தந்த முறைதான் இன்றும் அடிப்படை: எத்தனால், அம்மோனியா, சிறிது நீர், டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட். இதே முறையால் மேக்னடைட் மேல் மெல்லிய சிலிக்கா உறை போர்த்தி, அதன் மேல் அமினோபுரொப்பைல் சிலேன் பிணைத்தால், காந்தத்தால் இழுக்கக்கூடிய, அமீன் முனை கொண்ட துகள் கையில் கிடைக்கும். சிலேன் சேர்க்கும்போது நீர் மிகுந்தால் அது தன்னோடு தானே பிணைந்து பிசின் போல் கட்டிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தயாரித்த பிறகு மேலாடையை மாற்றுவதற்கு ஈனிப் பரிமாற்றம் என்று பெயர். தளர்வாக ஒட்டியிருக்கும் சிட்ரேட்டை வலுவாகப் பற்றும் தயோல் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். எண்ணெயில் மட்டும் கரையும் துகளை நீருக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

கேள்வி: ஆய்வு மாணவன் நான். தங்கத் துகளோடு புரதத்தைப் பிணைக்க கார்பாக்சில் தொகுதியையும் அமீன் தொகுதியையும் இணைக்க உதவும், இ.டி.சி. எனப்படும் கார்போடைஇமைடைச் சேர்த்தேன். சிவந்த கரைசல் சில நிமிடங்களில் நீலமாகி, மையவிலக்கியில் சுற்றிய பின் அடியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மூன்று முறை இதே கதை. என்ன தவறு செய்கிறேன்?

முதலில், இந்த இடத்தில் சிக்காதவர் இந்தத் துறையில் குறைவு என்பதைச் சொல்லி ஆறுதல்படுத்துகிறேன். நீலம் என்பது துகள்கள் திரண்டதன் அறிகுறி. தனித்தனியாக இருக்கும் 20 நானோமீட்டர் தங்கத் துகள்கள் சுமார் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை வலுவாக உட்கவர்வதால் கரைசல் சிவப்பாகத் தெரிகிறது. துகள்கள் நெருங்கினால் அவற்றின் எலக்ட்ரான் அலைவுகள் ஒன்றோடொன்று இணைந்து உட்கவர்வு நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்துவிடும், நம் கண்ணுக்கு நீலம் தெரியும்.

நீங்கள் எடுத்த துகள் சிட்ரேட் துகளாக இருந்தால் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. சிட்ரேட்டில் கார்பாக்சில் தொகுதி இருக்கிறது என்பதற்காக அதன் மேல் புரதத்தைப் பிணைத்தால், பிடிமானமே தளர்வான ஆணியில் பாரத்தைத் தொங்கவிட்ட கதையாகிவிடும். சிட்ரேட் உதிரும்போது புரதமும் சேர்ந்து உதிரும். முதலில் கார்பாக்சில் முனை கொண்ட தயோலைத் தங்கத்தில் அமர்த்துங்கள். அத்தகைய தயோலான மெர்கேப்டோ அன்டெக்கனோயிக் அமிலம் மட்டும் என்றால் துகளை நிறுத்திவைப்பது மின்னேற்றம் ஒன்றே. இ.டி.சி. அந்தக் கார்பாக்சிலைக் கிளர்வுறச் செய்யும்போது அதன் எதிர்மின்னேற்றம் மறைந்துபோகிறது. துகள்களை விலக்கி நிறுத்திய அதே மின்னேற்றத்தை நாமே நீக்கிவிட்டுத் துகள் ஏன் திரண்டது என்று கேட்கிறோம்.

அதற்கு வழி, மின்னேற்றத்தை மட்டும் நம்பாமல் பருமனாலும் துகளைக் காப்பது. தயோல் முனை கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளைப் பெரும்பங்கும், அவற்றில் கார்பாக்சில் முனை கொண்டவற்றைச் சிறு பங்கும் கலந்து போர்த்துங்கள். நீரை இழுத்து வைத்துக்கொண்டு அசையும் அந்தச் சங்கிலிகள் துகள்களை நெருங்கவிடா. சரியாகப் போர்த்தியாயிற்றா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சிறு குழாயில் ஓரிரு துளி துகள் கரைசலை எடுத்து, பத்து விழுக்காடு உப்புக் கரைசலைச் சேருங்கள். சிட்ரேட் துகள் நொடியில் நீலமாகும். நன்கு போர்த்திய துகள் சிவப்பாகவே நிற்கும். இந்தச் சோதனையில் தேறாத துகளை இ.டி.சி.க்கு அனுப்புவதில் பயனில்லை.

அடுத்தது, பிஎச் மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல். அமீன் கொண்ட டிரிஸ், கிளைசீன் ஆகியவையும், கார்பாக்சில் கொண்ட அசிட்டேட்டும் வினையில் போட்டியிடும், அவற்றைத் தவிர்க்க வேண்டும். கார்பாக்சிலைக் கிளர்வுறச் செய்யும் படியைப் பிஎச் 5 முதல் 6 வரையிலும், புரதத்தின் அமீனோடு சேரும் படியைப் பிஎச் 7க்குச் சற்று மேலும் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ஹைட்ராக்சி சக்சினிமைடு சேர்ப்பது இடைநிலை எஸ்டரைச் சற்று நீடிக்கச் செய்யும். இ.டி.சி. ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்காமல் பொறுத்திருங்கள், கரைத்த உடனே பயன்படுத்துங்கள், மீந்ததை வைத்திருந்து மறுநாள் ஊற்றாதீர்கள்.

நுட்பமான ஒரு கண்ணியும் இருக்கிறது. புரதங்களுக்கான செய்முறைகள் பலவற்றில் மீந்த இ.டி.சி.யை அடக்க மெர்கேப்டோ எத்தனால் சேர்க்கச் சொல்வார்கள். தங்கத் துகளில் அதைச் செய்யாதீர்கள். அதுவும் தயோல் என்பதால், நீங்கள் அரும்பாடுபட்டுப் பிணைத்த ஈனிகளைத் தள்ளிவிட்டுத் தங்கத்தின் மேல் தான் அமர்ந்துகொள்ளும். கடைசியாக, மையவிலக்கியின் வேகத்தைக் குறையுங்கள். அடியில் கெட்டியாகப் படியாமல் எண்ணெய்த் துளி போல் வழுக்கி நிற்கும் படிவுதான் நல்ல படிவு. அது விரலால் தட்டினாலே கலைந்து மீண்டும் சிவக்கும்.

கேள்வி: துகளின் மேல் நாம் நினைத்த மூலக்கூறு உண்மையிலேயே பிணைந்திருக்கிறது என்பதை எப்படி உறுதிசெய்வது? மின்னணு நுண்ணோக்கிப் படம் போதுமா?

போதாது. ஊடுருவு மின்னணு நுண்ணோக்கி தங்கத்தின் உள்ளகத்தைத் தெளிவாகக் காட்டும், மேலிருக்கும் மெல்லிய கரிமப் படலம் சாதாரணப் படத்தில் ஏறக்குறையத் தெரியாது. இயங்கு ஒளிச்சிதறல் முறை நீரோடு சேர்த்து நகரும் மொத்த விட்டத்தைத் தருவதால், படலம் சேர்ந்ததும் விட்டம் சில நானோமீட்டர் கூடுவதைக் காணலாம். ஆனால் சிறிதளவு திரண்டாலும் அந்த எண் பெரிதாக வீங்கிவிடும், எனவே தனியாக அதை நம்ப வேண்டாம். ஜீட்டா மின்னழுத்தம் மேற்பரப்பு மின்னேற்றத்தின் மாற்றத்தைச் சொல்லும். எக்ஸ் கதிர் ஒளிமின்னணு நிறமாலை, தங்கத்தோடு பிணைந்த கந்தகத்தையும் சும்மா ஒட்டியிருக்கும் கந்தகத்தையும் வேறுபடுத்திக் காட்டும். வெப்ப எடையறி பகுப்பாய்வு கரிமப் பங்கு எவ்வளவு என்று சொல்லும்.

ஒன்றுக்கொன்று வேறுபட்ட கோட்பாடுகளில் இயங்கும் இரண்டு முறைகளாவது ஒரே முடிவைச் சொல்ல வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதோடு, கழுவிய நீரையும் சோதியுங்கள். பிணையாத மூலக்கூறு கழுவுநீரில் வந்துகொண்டே இருக்கும்போது துகளில் கிடைக்கும் சமிக்ஞையைப் பிணைப்பு என்று எழுதிவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது. ஒளிரும் குறி கொண்ட ஈனியாக இருந்தால், டைதயோதிரைட்டால் என்ற தயோலைச் சேர்த்து எல்லா ஈனிகளையும் கழற்றி, கரைசலில் ஒளிர்வை அளந்து, ஒரு துகளுக்கு எத்தனை என்று கணக்கிடலாம். துகளின் மேலேயே அளந்தால் தங்கம் ஒளிர்வை அணைத்துவிடும், எண் குறைவாக வரும்.

கேள்வி: மேலாடையை மாற்றினால் துகளின் காந்தப் பண்பும் நிறமும்கூட மாறுமா?

ஓரளவு மாறும். ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் குறைவான மேக்னடைட் துகள் ஒவ்வொன்றும் ஒரே காந்தப் பகுதியாக இருந்து, வெளிக் காந்தப்புலம் நீங்கியதும் காந்தத்தன்மையைத் தக்கவைக்காமல் விட்டுவிடுகிறது. இதை மீபாராகாந்தத் தன்மை என்பார்கள். அதனால்தான் காந்தத்தை எடுத்ததும் துகள்கள் மீண்டும் கரைசலில் பரவுகின்றன. இந்தப் பண்பு உள்ளகத்துக்கு உரியது. ஆனால் சிலிக்கா உறை தடித்தால் ஒரு கிராமுக்குக் கிடைக்கும் காந்தமாக்கம் குறையும், துகளை இழுத்துச் சேர்க்க அதிக நேரம் பிடிக்கும். தங்கத்தில், படலம் சேர்ந்ததும் சூழ்ந்திருக்கும் ஊடகத்தின் ஒளிவிலகல் எண் மாறுவதால் உட்கவர்வு உச்சி ஓரிரு நானோமீட்டர் நகரும், அந்தச் சிறு நகர்வையே உணரியாகவும் பயன்படுத்துகிறார்கள். ஒளிரும் குறைகடத்தி நானோ துகள்களான குவாண்டம் புள்ளிகளுக்கு மேற்பரப்பு இன்னும் முக்கியம். அங்கே மூடப்படாமல் நிற்கும் ஒவ்வொரு அணுவும் எலக்ட்ரானைச் சிறைபிடித்து ஒளிர்வைக் குறைக்கும். தரமான குவாண்டம் புள்ளிகளை உருவாக்கும் முறையை 1993இல் தந்தவர் பாவெண்டி. 2023ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசை அவர் புரூஸ், எகிமோவ் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். கர்ப்பச் சோதனைப் பட்டையில் தோன்றும் சிவப்புக் கோட்டில் தங்கம் இருக்கிறது என்று மாணவிகளிடம் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. நான் சொன்னது சரிதானா?

பெரும்பாலான பட்டைகளுக்கு அது முற்றிலும் சரி. சில தயாரிப்புகளில் மட்டும் தங்கத்துக்குப் பதில் சாயமேற்றிய நெகிழிக் குறுமணிகள் இருக்கும். நீலக் கோடு தரும் பட்டைகள் பெரும்பாலும் அந்த வகை. வினைச்செயல் தொகுதி பிணைத்த நானோ துகள் மனித வாழ்க்கையில் மிகப் பரவலாகப் புகுந்த இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

பட்டையை நீளவாக்கில் பிரித்து வகுப்பில் காட்டுங்கள். சிறுநீர் படும் நுனிக்கு அடுத்து, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிறு துண்டு தெரியும். அதில்தான், பெரும்பாலும் 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள், கருவுற்றபோது சுரக்கும் ஹார்மோனைப் பற்றும் எதிர்ப்பொருள்களைப் போர்த்திக்கொண்டு உலர்ந்த நிலையில் காத்திருக்கின்றன. ஈரம் பட்டதும் அவை விடுபட்டு, அடுத்துள்ள வெண்ணிற நைட்ரோசெல்லுலோஸ் படலத்தின் வழியே நகர்கின்றன. சோதனைக் கோட்டில் அதே ஹார்மோனின் வேறொரு பக்கத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் பதிக்கப்பட்டிருக்கிறது. ஹார்மோன் இருந்தால் அது நடுவில் நின்று தங்கத் துகளையும் கோட்டையும் இணைத்துவிடும். லட்சக்கணக்கான துகள்கள் அங்கே சேர்ந்தபின்தான் கண்ணுக்குச் சிவப்பு தெரிகிறது. இரண்டாவது கோடு, துகளின் மேலிருக்கும் எதிர்ப்பொருளையே நேரடியாகப் பிடிக்கும். துகள்கள் அதுவரை ஓடி வந்து சேர்ந்தன, எதிர்ப்பொருள் கெடவில்லை என்பதற்கு அதுவே சான்று. அந்தக் கோடு தோன்றாத பட்டையின் முடிவை ஏற்கக் கூடாது.

மாணவிகள் இன்னும் ஒரு கேள்வி கேட்பார்கள்: துகள்கள் அருகருகே சேர்ந்தால் நீலமாக வேண்டாமா? எதிர்ப்பொருள் ஒன்று 10 முதல் 15 நானோமீட்டர் பருமனுள்ளது. அந்த உறை இடையில் இருப்பதால் தங்கமும் தங்கமும் தொடும் அளவுக்கு நெருங்குவதில்லை. அதனால் சிவப்பு நிலைக்கிறது.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் ஒருவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவருகிறார். நோயுள்ள செல்லை மட்டும் தேடிச் சென்று தாக்கும் நானோ துகள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. அது எப்போது கிடைக்கும்?

உங்கள் குடும்பத்தாரின் நலத்துக்காக முதலில் மனமார வேண்டுகிறேன். இப்படிப்பட்ட கேள்விக்கு இனிப்பாகப் பதில் சொல்வது தவறு என்பதால், உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நானோ வடிவ மருந்துகள் ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கின்றன. டாக்சோரூபிசின் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, வெளியே பாலிஎத்திலீன் கிளைக்கால் போர்த்திய டாக்சில் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அல்புமின் புரதத்தோடு பாக்ளிடாக்செல் மருந்தைச் சேர்த்த அப்ராக்சேன் 2005இல் வந்தது. இவற்றின் பெரும்பயன் பக்கவிளைவுகளின் தன்மையை மாற்றியது. டாக்சிலில் இதயத்துக்கு வரும் பாதிப்பு குறைந்தது. ஆனால் இவற்றின் மேல் நோய்ச்செல்லைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் எதுவும் பிணைக்கப்படவில்லை. செய்திகளில் வரும் தேடிச்செல்லும் துகள்களில் பெரும்பாலானவை எலியில் நடந்த ஆய்வுகளைச் சேர்ந்தவை.

ஏன் இந்த இடைவெளி? துகள் இரத்தத்தில் நுழைந்த சில கணங்களிலேயே இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. இதைப் புரத மகுடம் என்பார்கள். ஆய்வகத்தில் நாம் கவனமாகப் போர்த்திய எதிர்ப்பொருளோ, இலக்கு செல்லைப் பற்றும் டிரான்ஸ்ஃபெரின் புரதமோ இந்தப் படிவுக்கு அடியில் புதைந்துபோகலாம். டிரான்ஸ்ஃபெரின் பிணைத்த துகள்கள் சீரம் சூழலில் இலக்கை அடையாளம் காணும் திறனை இழந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. படிந்த புரதங்களைப் பார்த்துக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் துகளை எடுத்துக்கொள்கின்றன. பத்தாண்டுகளில் வெளிவந்த விலங்காய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை மதிப்பில் 0.7 விழுக்காடு மட்டுமே என்று கணக்கிட்டது. இந்த எண்ணைப் படித்த நாளில் எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஆனாலும் துறை தன்னைத் தானே நேர்மையாக அளந்துகொண்டதில் பெருமையும் உண்டு.

அதே புரத மகுடத்தைத் துணையாக்கிக்கொண்ட வெற்றியும் இருக்கிறது. நரம்புகளைப் பாதிக்கும் ஒரு பரம்பரை அமிலாய்டு நோய்க்காக 2018இல் அனுமதி பெற்ற பாட்டிசிரான் மருந்தில், ஆர்.என்.ஏ. துணுக்குகள் கொழுப்பு நானோ துகள்களுக்குள் அடைக்கப்பட்டுள்ளன. இரத்தத்தில் அபோலிபோபுரதம் ஈ அதன் மேல் படிகிறது, அதை அடையாளம் கண்டு கல்லீரல் செல்கள் துகளை உள்ளே எடுக்கின்றன. மருந்து சேர வேண்டிய இடமும் கல்லீரல்தான். கோவிட் நோய்க்கு எதிரான தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் இதே வகைக் கொழுப்புத் துகள்களில்தான் வந்தன.

நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையைச் செய்தியொன்றை நம்பி நிறுத்தவோ தள்ளிப்போடவோ வேண்டாம். புதிய மருந்து ஆய்வில் சேரும் வாய்ப்பு இருக்கிறதா என்று சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: நானோ துகள்கள் நச்சுத்தன்மை கொண்டவையா?

"நானோ துகள்கள்" என்று பொதுவாகக் கேட்டால் விடை இல்லை. எந்த உள்ளகம், எந்த மேலாடை, எவ்வளவு, எந்த வழியாக உடலில் நுழைகிறது என்று கேட்க வேண்டும். தங்கத்தால் ஆன நானோ தண்டுகளைத் தயாரிக்கப் பயன்படும் சி.டி.ஏ.பி. என்ற நேர்மின் பரப்புச்செயலி செல்களுக்குக் கடும் நச்சு. கழுவாமல் விட்ட அந்தப் பரப்புச்செயலி செய்த கேட்டைத் தங்கத்தின் தலையில் சுமத்திய சோதனைகள் உண்டு. வெள்ளித் துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி கிருமிகளைக் கொல்கிறது, அதே அயனி நீர்வாழ் உயிர்களையும் பாதிக்கும். காட்மியம் கொண்ட குவாண்டம் புள்ளிகளில் உறை சிதைந்தால் காட்மியம் வெளியேறும்.

மேலாடையே ஒவ்வாமைக்குக் காரணமாவதும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவுக்குச் சிரைவழி செலுத்தும் பெருமாக்சிடால் என்பது கார்போஹைட்ரேட் போர்த்திய இரும்பு ஆக்சைடு. 2009இல் அனுமதி பெற்ற அந்த மருந்துக்கு, அரிதாக நேரும் கடும் ஒவ்வாமை காரணமாக 2015இல் எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டது. பாலிஎத்திலீன் கிளைக்காலுக்கு எதிராகவும் சிலருடைய உடலில் எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன. ஆய்வகத்தில் பணிபுரிவோர் உலர்ந்த நானோ பொடியைத் திறந்த மேசையில் கையாளக் கூடாது. கரைசலாக இருக்கும்வரை ஆபத்து குறைவு, மூச்சுவழி செல்லும் தூசிதான் முதலில் அஞ்ச வேண்டியது.

கேள்வி: குடிநீரிலிருந்து பாதரசத்தையும் ஆர்சனிக்கையும் நீக்க இத்துகள்கள் உதவுமா? வேதிவினைகளில் வினையூக்கியாகவும் பயன்படுமா?

உதவும். பாதரசம் கந்தகத்தின் மேல் பெருநாட்டம் கொண்டது, ஆகவே தயோல் முனை போர்த்திய காந்தத் துகள்கள் அதைப் பற்றிக்கொள்ளும், காந்தத்தால் துகளோடு சேர்த்து வெளியே எடுக்கலாம். ஆர்சனிக்குக்கு இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பே போதும், அங்கே தடித்த மேலாடை போர்த்தினால் திறன் குறையும். ஆய்வகத்தில் தூய நீரில் கிடைத்த எண்ணை அப்படியே இயற்கை நீருக்கு எதிர்பார்க்க வேண்டாம். பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் மட்கிய கரிமப் பொருள்களும் அதே இடத்துக்குப் போட்டியிடும்.

வினையூக்கத்திலும் இதே இழுபறிதான். ஈனி இல்லாவிட்டால் துகள் திரளும், ஈனி நெருக்கமாக இருந்தால் வினைபடுபொருள் உலோகத்தை அணுக முடியாது. அமீன் போர்த்திய காந்தச் சிலிக்காவின் மேல் பல்லேடியம் துகள்களைப் பரவலாக அமர்த்துவது நல்ல சமரசம். வினை முடிந்ததும் குடுவையின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்துக்கொண்டு கரைசலை வடித்துவிட்டால், வினையூக்கி உள்ளேயே நிற்கும். கரைசலில் பல்லேடியம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தயாரித்த தங்கக் கரைசலை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? உறைபெட்டியில் வைத்தால் நீண்ட நாள் இருக்குமா?

உறையவிடவே கூடாது. நீர் பனிக்கட்டியாகும்போது தன்னுள் எதையும் சேர்த்துக்கொள்ளாமல் துகள்களையும் உப்பையும் படிகங்களுக்கு இடையிலுள்ள குறுகிய இடத்தில் நெருக்கித் தள்ளும். உருகிய பின் சிவப்பு திரும்பாது, அடியில் கறுப்பு மட்டும் இருக்கும். உலர்த்தியே ஆக வேண்டுமென்றால், உறைவதற்கு முன் சுக்ரோஸ் அல்லது டிரெகலோஸ் சர்க்கரையைச் சேர்த்து, துகள்களுக்கு இடையே அது நின்று காக்கும்படி செய்ய வேண்டும். மற்றபடி, தூய்மையான கண்ணாடிக் குப்பியில், ஒளி படாமல், 4 பாகை செல்சியஸில் வைத்தால் சிட்ரேட் துகள்கள் பல மாதங்கள் நிற்கும். புரதம் பிணைத்தவை அவ்வளவு நாள் தாங்கா, ஏனெனில் தங்கத்துக்கு முன்பே புரதம் கெட்டுவிடும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள், நிறமாலைமானியில் 520 நானோமீட்டர் உச்சியைப் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாமல் விட்டுவைத்தால் தங்கக் கூழ்மம் எவ்வளவு பொறுமை காட்டும் என்பதற்கு லண்டனில் ஒரு சான்று இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1850களில் தங்கத்துக்கும் ஒளிக்கும் உள்ள உறவை ஆராய்ந்தபோது தயாரித்த கூழ்மங்கள் சில, ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவருடைய குப்பிகளிலேயே இன்னும் சிவப்பாக நிற்கின்றன.